பிரேக் உள்ள வண்டி

அண்ணா,

மோட்டார் படகுப் போட்டியை விட்டு, மணல்மேடுகளில் பாயும் பக்கி ரேஸ் வண்டி ஓட்ட நான் போனது கேவலம் என்று எல்லோரிடமும் சொல்கிறாய். எனக்கு மட்டும், "பக்கத்து சீட்டுக்கு நான் வரட்டுமாடா?" என்று செய்தி அனுப்புகிறாய்.

நாம் சேர்ந்து ஓட்டிய படகில் ஸ்டியரிங் என் கையில், வேகம் உன் கையில். தங்கை வீட்டுக்காரரின் படகு நம் கண்ணெதிரே கவிழ்ந்தபோது, "நிறுத்துண்ணா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "பின்னால வர்றவன் பாத்துப்பான்" என்று வேக லீவரை இன்னும் தள்ளினாய். அவரை உயிரில்லாமல் கரைக்குத் தூக்கி வந்தபோது நீ மேடையில் சிரித்துக்கொண்டு நின்றாய். அந்தக் கோப்பை இன்னும் உன் கூடத்தில் இருக்கிறது. தங்கை வரும்போது மட்டும் அதன்மேல் துணியைப் போடுகிறாயாம்.

இங்கே ஸ்டியரிங், வேகம், பிரேக் எல்லாம் என்னிடம்தான். நேற்று என் முதல் போட்டி. முன்னால் போனவனின் வண்டி மணல்மேட்டில் உருண்டது. நிறுத்தி, பெல்ட்டை அறுத்து அவனை வெளியே இழுத்தேன். வாயெல்லாம் மண்ணோடு, "உங்க ரேஸ் போச்சேண்ணே" என்றான். கடைசியாகத்தான் வந்தேன்.

பக்கத்து சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

அவனை வெளியே இழுக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணா.

தம்பி