சாப்பாட்டுக் கொடி

ஆகஸ்ட் 6, 1994, சனி. ரிமினி

அதே விடுதி, அதே அறை. கடற்கரையிலும் அதே குடை: முதல் வரிசை, ஏழாம் எண். இலாரியா பிறந்த ஆண்டிலிருந்து இந்தக் குடை எங்களுடையது. கடற்கரைக் காவலர் நெவியோ மூன்று சாய்வு நாற்காலிகளையும் விரித்துவைத்துக் காத்திருந்தார்.

"வாங்க இஞ்சினியர். ரயிலெல்லாம் உங்க பேச்சக் கேக்குதா?"

ஒவ்வோர் ஆண்டும் இதே கேலி. ரயில் என் பேச்சைக் கேட்பதில்லை. சைகை விளக்கின் பேச்சைக் கேட்கிறது. அந்த விளக்கு பொய் சொல்லாமல் பார்த்துக்கொள்வதே பொலோன்யாவில் என் வேலை.

மகள் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. மலைமேல் உள்ள நடன விடுதிக்குப் பேருந்து எங்கே நிற்கும் என்று வரவேற்பறையில் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

விடியலில் கடலோரச் சாலையில் ஒரு கார் மரத்தில் மோதியிருக்கிறது. நடனம் முடிந்து திரும்பிய இளைஞர்கள். எவரும் பிழைக்கவில்லை. நாளிதழை அந்தப் பக்கம் தெரியும்படி மடித்து இலாரியாவின் தட்டருகில் வைத்தேன்.

"அப்பா, காப்பியாவது குடிக்க விடுங்க."

குடித்தவன் ஓட்டும் காரில் ஏறக் கூடாது, திரும்புவது பேருந்தில்தான். ஒப்புக்கொண்டாள். உணவு உண்டபின் மூன்று மணி நேரம் நீரில் இறங்கக் கூடாது என்ற பழைய விதியையும் நினைவூட்டினேன். எனக்கு என் தாய் சொன்னது. இந்நாட்டில் எல்லாத் தாய்மாரும் சொல்வது.

"எனக்குப் பத்தொம்போது வயசாச்சு."

"வயித்துக்கு வயசு கிடையாது" என்றாள் மனைவி மிரெல்லா. எங்களுக்குள் கருத்து வேறுபாடே இல்லாத விதி இது ஒன்றுதான்.

ஆகஸ்ட் 8, திங்கள்

நெவியோ உண்ணப் போகும்போது கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்றுகிறார். கண்காணிக்க ஆளில்லை, நீரில் இறங்காதீர்கள் என்று பொருள். ஆபத்து என்பதற்கும் அதே கொடிதான். இங்கே அதற்குச் சாப்பாட்டுக் கொடி என்று பெயர். அது ஏறியதும் பாதிப் பேர் உண்ணப் போகிறார்கள். மீதிப் பேர் நிம்மதியாகக் கடலில் இறங்குகிறார்கள்.

தேவையின்றிச் சிவப்புக் காட்டும் விளக்கு, சிவப்பைக் கடந்து போக ஓட்டுநருக்குப் பயிற்சி தருகிறது. இதை எத்தனை அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். நெவியோவிடமும் சொன்னேன்.

"எங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் கொடிக்குக் கீழதான் சாப்பிடறோம். ஒருத்தரும் சாகல."

விடுமுறையில் இருக்கிறேன். விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

காலை உணவின்போது செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தாள். பேருந்துச் சீட்டை என் முன்னால் வைத்துவிட்டு மாடியேறிப் போனாள். நான் உறங்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 10, புதன்

மீண்டும் ஒரு விபத்துச் செய்தி. இந்த முறை நாளிதழை நானே ஒளித்துவைத்தேன். ஏன் என்று தெரியவில்லை. ஏதோ ஒன்று நெருங்கி வருவதுபோல் இருக்கிறது. மனக்கலக்கத்துக்கு ஆதாரம் கேட்பவன் நான். இதற்கு ஆதாரம் இல்லை.

ஆகஸ்ட் 11, வியாழன். கடற்கரையில்

காலையிலிருந்து வெப்பக் காற்று. மலைப்பக்கமிருந்து வருவது, இங்குள்ளோர் கார்பீனோ என்பது.

"இன்னைக்குப் பொண்டாட்டிகிட்ட வாயக் குடுத்துராதீங்க இஞ்சினியர்" என்றார் நெவியோ. "கார்பீனோ அடிச்சா எல்லாருக்கும் கொஞ்சம் கழண்டுரும்."

மிரெல்லா தலைவலியால் அறையிலேயே படுத்துவிட்டாள். விடுதியில் மதிய உணவுக்கு லசாஞா. இரவெல்லாம் ஆடிய பசியில் இலாரியா இரண்டு தட்டு உண்டாள். பிறகு காற்று மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலை நோக்கி நடந்தாள். விதியை நினைவூட்டினேன்.

"நான் குளிக்கப் போகலப்பா, தூங்கப் போறேன். மெத்தை தண்ணியில இருக்கும், நான் மெத்தையில இருப்பேன். சட்டம் என்ன சொல்லுது?"

யோசித்தேன். விதி உடலை நீரில் ஆழ்த்துவதைப் பற்றியது. முழங்கால்வரை நனைவது கணக்கில் வராது.

"சட்டப்படி சரி" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு அமைதியான கடலை நான் கண்டதில்லை. அலையே இல்லை, எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கிறது. கொடி இன்று வழக்கத்தைவிட முன்னதாகவே ஏறிவிட்டது. நெவியோவுக்குப் பசி போலும். சற்று முன் கண்ணயர்ந்துவிட்டேன். இப்போது எழுத முடியவில்லை; முதுகுப்பக்கமிருந்து வீசும் காற்று இந்தத் தாளைத் தூக்கித் தூக்கிக் கடலை நோக்கி மடிக்கிறது. எல்லாவற்றையும் கடலை நோக்கியே

அதே நாள்

இன்னும் இல்லை. காவல் படகுகள் தேடுகின்றன. வெளிச்சம் இருக்கும்வரை தேடுவார்கள் என்கிறார்கள். வெளிச்சம் குறைகிறது. சட்டப்படி சரி. நான்தான் சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். எங்கடி போன — மிரெல்லா கேட்கிறாள், எந்தப் பக்கமா போனா, எந்தப் பக்கமா போனான்னு. நான் பாக்கலையே. எழுதிட்டு இருந்தேன்.

ஆகஸ்ட் 12, வெள்ளி. மருத்துவமனை

இருக்கிறாள்.

நடுக்கடலில் சிப்பி வளர்க்கும் மிதவைகளுக்குப் போன படகு ஒன்று, நேற்று அந்தி மறையும் வேளையில் அவளைக் கண்டெடுத்தது. தோல் முழுவதும் வெயிலில் வெந்திருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. பேசுகிறாள்.

"முழிச்சுப் பாத்தா குடையெல்லாம் பொட்டுப் பொட்டா தெரிஞ்சுது. நீந்திரலாம்னு ஒரு கால இறக்கிட்டேன். அப்புறம் லசாஞா ஞாபகம் வந்துது. மூணு மணி நேரம் ஆகட்டும், அப்புறம் நீந்தலாம்னு கால எடுத்துட்டு உக்காந்துட்டேன். அதுக்குள்ள கரையே காணோம்பா."

படகுக்காரர் கதவோரம் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "காத்து வெளிய தள்ளும்போது நீந்தியிருந்தா, நாங்க மெத்தைய மட்டும்தான் எடுத்திருப்போம்" என்றார்.

அந்த மூன்று மணி நேரத்துக்கு மருத்துவத்தில் என்ன ஆதாரம் என்று மருத்துவரிடம் கேட்டேன்.

"ஒண்ணும் கிடையாது இஞ்சினியர். ஆனா எங்கம்மாகிட்டப் போய் நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஆதாரமற்ற விதி அவளைக் காத்திருக்கிறது. ஆதாரமுள்ள விதி என் கண்ணெதிரே கம்பத்தில் பறந்தது. அதைப் பசி என்று படித்தேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

குடை வாடகைக் கணக்கை முடிக்கச் சென்றபோது நெவியோ என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது சாப்பாட்டுக் கொடி இல்ல இஞ்சினியர். காத்துக் கொடி. காத்து வெளிய தள்ளுதேன்னுதான் சீக்கிரமே ஏத்துனேன். ஏத்திட்டு... அப்படியே சாப்பிடப் போயிட்டேன்."

"ரெண்டுக்கும் ஒரே துணி, நெவியோ."

"ஒரே துணிதான்."

சாப்பாட்டுக்கு வேறு நிறத்தில் ஒரு துணி வாங்கிவிடுவதாகச் சொன்னார். கை கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, 1995, புதன். ரிமினி

வர வேண்டாம் என்றேன். இலாரியாதான் குடையை விடக் கூடாது என்றாள். ஆனால் வந்த நாளிலிருந்து நாற்காலியைக் கடலுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நடனத்துக்கும் போகவில்லை. போயேன் என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

கம்பத்தில் அதே சிவப்புத் துணி.

"வாங்கணும் வாங்கணும்னே குளிர்காலம் ஓடிருச்சு" என்றார் நெவியோ. உண்ணப் போனார்.

இன்று உணவுக்குப்பின் இந்த நாட்குறிப்பைத் திறந்தேன். தாள் கடலை நோக்கி மடிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கடலில் ஒரு சுருக்கமும் இல்லை. குளிப்பவர்களைத் தாண்டி ஒரு மஞ்சள் மெத்தை. அதில் வைக்கோல் தொப்பியால் முகத்தை மூடியபடி பெருத்த உடலுடைய ஒருவர்.

கூவினேன். கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் தாளின்மேல் வைத்துவிட்டு இறங்கினேன். வயிற்றில் மீன் பொரியல் அப்படியே இருந்தது. கால் எட்டும் ஆழம் முடியப்போகும் இடத்தில் மெத்தையின் கயிறு கையில் அகப்பட்டது.

"யாருய்யா நீ? தூங்குற மனுசன எங்க இழுத்துட்டுப் போற?"

"கரைக்கு."

"பைத்தியமா உனக்கு?"

"கார்பீனோ" என்றேன். மிலான்காரர், இவ்வூர்க் காற்றின் பெயர் புரியவில்லை. கரைவரை திட்டிக்கொண்டே வந்தார்.

மேடான இடத்துக்கு வந்து தலை நிமிர்ந்தபோது, கண்ணாடி இல்லாததால் முதலில் ஆளைத் தெரியவில்லை. குரல்தான் தெரிந்தது.

"அப்பா, சாப்ட்டு ஒரு மணி நேரங்கூட ஆகல."

அவள் கணுக்கால்வரை நீரில் நின்றிருந்தாள்.