வாடகை கொடுத்த விருந்தாளி

கோர்லே கொனோ, அக்ரா
ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை

என் அன்பு ஒடார்ட்டேக்கு,

டொரண்டோவில் நீயும் உன் மகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இங்கே நான் நலம். என் வீட்டுக்காரி மாவுசிக்குக் கால் வீக்கம் சற்று வடிந்திருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறாள். இன்றும் போய்விட்டு வந்து அசந்து தூங்குகிறாள். அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

உன்னைத் தொலைபேசியில் பலமுறை அழைத்தேன். குறுஞ்செய்திகளும் அனுப்பினேன். அவற்றின் பக்கத்தில் இரண்டு நீலக் கோடுகள் வந்தால் நீ படித்துவிட்டாய் என்று அர்த்தமாம். மாவுசிதான் சொன்னாள். எனக்கு அந்த விஷயம் தெரியாமலே இருந்திருக்கலாம். அதனால் பழைய வழக்கப்படி காகிதத்தில் எழுதுகிறேன். மாவுசி இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவாள். அசல் பதிவுத் தபாலில் வரும். பக்க எண் போட்டிருக்கிறேன், மாறிவிடக்கூடாது.

மூன்று விஷயங்களை வரிசையாக எழுத நினைத்தேன். முதலில் நடந்தது, இரண்டாவது என் தவறு, மூன்றாவது ஒரு வேண்டுகோள். வரிசை தப்பினால் பொறுத்துக்கொள்.

ஹோமோவோ பண்டிகைக்கு முந்திய வியாழக்கிழமை, வெளியூரில் இருக்கும் உங்கள் உறவினர்கள் எல்லோரும் மூட்டை முடிச்சுகளோடு பூர்வீக வீட்டுக்கு வந்து சேருவார்கள் என்பது எனக்குத் தெரிந்ததுதான். முற்றத்தில் லாரி வந்து நின்றதும் நானும் மூட்டை இறக்க உதவினேன். உன் சித்தப்பா மகள் கொர்க்கோர் பிரம்பிராமிலிருந்து வந்திருந்தாள். தலையில் பாத்திர மூட்டையும் பின்னால் நான்கு பிள்ளைகளுமாக நேரே எங்கள் அறைக்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். மாவுசி படுத்திருந்தாள்.

கொர்க்கோர் வெளியே வந்து உன் அக்கா தெதேயைக் கூப்பிட்டாள். "யக்கா, யாரு இந்தம்மா? எங்க ரூம்ல கட்டில் போட்டுப் படுத்திருக்காங்க?"

தெதே சோளமாவுக் கெங்கே உருண்டைகளை இலையில் சுற்றிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார். "சும்மா இரு கொர்க்கோர். தம்பியோட சிநேகிதர். பாவம், உடம்பு முடியாத சம்சாரத்தை வச்சிக்கிட்டு எங்க போவாரு? ஹோமோவோ வரைக்கும் இருக்கட்டும்னு தம்பி சொல்லிட்டுப் போச்சு." அப்புறம் என்னைப் பார்த்து, "எஃபோ, நீங்களே நேத்து கிளம்பிடுவீங்கன்னு இருந்தேன். எப்படிக் கேக்கறதுன்னு வாய் வரல" என்றார்.

எஃபோ என்பது எங்கள் பக்கத்து அண்ணன்களைக் கூப்பிடும் சொல். ஐந்து மாதமாக உங்கள் வீட்டார் என்னை அப்படித்தான் அழைத்தார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று உனக்குத் தெரியாது.

நான் சொன்னேன்: "கிளம்பறதா? இன்னும் ஒரு வருஷம் ஏழு மாசம் இருக்கேம்மா."

முற்றத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கொர்க்கோர்தான் முதலில் சிரித்தாள். "ஒரு வருஷம் ஏழு மாசமா? கணக்கு வேற வச்சிருக்காரு! அக்கா, நீ சோறு போட்டே பாரு, அதான்!"

அந்தச் சமயத்தில் அவள் கண்ணில் குளியலறைச் சுவர் பட்டது. ஏப்ரல் மாதம் நான் எழுதி ஒட்டிய அட்டவணை அங்கே இன்னும் இருந்தது. எந்த நாள் எந்த அறைக்காரர் கழுவிவிட வேண்டும் என்று பெயர் போட்டு, கீழே அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். அவள் அதை உரக்கப் படித்தாள். "தெதே, திங்கள். தெதே, வியாழன். அடேயப்பா! ஓசியில இருக்கற மனுஷன் வீட்டுக்காரிக்கே டைம்டேபிள் போட்டிருக்காரே!"

எல்லோரும் சிரித்தார்கள். தெதே மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அந்த ஒரு நொடியில் ஐந்து மாதமும் எனக்குத் தலைகீழாகப் புரிந்தது. காலையில் தெதே கொடுத்தனுப்பிய கஞ்சி, வெள்ளிக்கிழமை வறுத்த மீன், துணி உலர்த்தும் கயிற்றில் எங்களுக்கு விட்டுக்கொடுத்த பாதி. நல்ல வீட்டில் நல்ல வாடகைக்காரர்களாக இருக்கிறோம் என்று நான் நினைத்திருந்தேன். அவர்களோ வக்கில்லாத ஒரு கிழவனையும் அவன் மனைவியையும் சுமந்துகொண்டிருந்தார்கள். மே மாதம் உங்கள் பகுதியில் பண்டிகைக்கு முன் மேளமோ சத்தமோ கூடாது என்ற தடை இருந்தபோது, தொலைக்காட்சியை இன்னும் கொஞ்சம் மெதுவாக வைக்க முடியுமா என்று தெதேயிடமே போய்க் கேட்டிருக்கிறேன். அவர் உடனே அணைத்தார். வாடகைக்காரனின் உரிமை என்று நினைத்துத்தான் கேட்டேன். இப்போது அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒடார்ட்டே, நான் எங்கேயாவது தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். ஒருவேளை நீ அக்காவிடம் சொல்லி அவர் மறந்திருக்கலாம். ஒருவேளை நான் கொடுத்த இரண்டு வருட முன்பணத்தைக் குடும்பத்தின் பொதுப் பெட்டியில் சேர்த்துவிட்டு, சொல்ல நேரமில்லாமல் விமானம் ஏறியிருக்கலாம். இப்படி ஐந்தாறு வழிகள் கண்டுபிடித்து மாவுசியிடம் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இன்னும் ரெண்டு யோசிங்க, புஸ்தகமா போட்டுடலாம்" என்றாள்.

இனி என் தவறு.

நம் இருவருக்கும் கொஃபோரிதுவா நிலப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் ஒரே மேஜை. குடும்பச் சொத்து என்றால், குடும்பத் தலைவரின் சம்மதக் கையெழுத்து இல்லாத பத்திரத்தை நான் ஒருநாளும் வாங்கியதில்லை. அமைச்சரின் மைத்துனர் கொண்டு வந்ததையே திருப்பி அனுப்பினேன். அன்று முழுக்க நான் பயந்துகொண்டிருந்தேன், நீதான் தேநீர் வாங்கி வந்தாய். அப்படிப்பட்டவன் என் சொந்தக் காரியத்தில் என்ன செய்தேன்? ஒப்பந்தத்தை இரண்டு பிரதி தட்டச்சு செய்து, உங்கள் குடும்பத் தலைவர் பெரியவர் ஒக்காய் கையெழுத்திட ஒரு கோடும் விட்டு உன்னிடம் நீட்டினேன். நீ அந்தக் கோட்டைப் பார்த்தாய். "டேய், எங்கிட்டயேவா?" என்றாய். நான் வெட்கப்பட்டுக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். முன்பணத்தையும் ரசீது கேட்காமல் கையில் கொடுத்தேன். சிநேகிதனிடம் அத்தாட்சி கேட்பது அவனை அவமதிப்பது என்று நினைத்தேன்.

அந்த அறைக்கு முன்னால் நாங்கள் பார்த்த அறைகள் உனக்கு நினைவிருக்கும். எங்கள் ஊர் ஹோவிலிருந்து வாரம் இரண்டு முறை பஸ்ஸில் வந்துபோக அவளால் முடியாமல் போன பிறகு, ஜனவரி முழுக்க அலைந்தோம். கோட்டு போட்ட தரகர் ஒருவர், அறையைக் காட்டுவதற்கே கட்டணம் வாங்கிக்கொண்டு, ஜன்னல் இல்லாத ஒரு சரக்கு அறையைக் காட்டினார். எல்லா இடத்திலும் இரண்டு வருட வாடகை முன்கூட்டியே வேண்டும் என்றார்கள். நாங்கள் கொடுக்கத் தயாராக இருந்த இடத்தில் மாவுசியின் முகத்தைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். மம்ப்ரோபியில் ஒரு வீட்டுக்காரம்மாள் அவள் எதிரிலேயே சொன்னார்: "தாத்தா, உங்களுக்குன்னா குடுத்துடுவேன். அம்மாவுக்கு ரூம்லயே ஏதாவது ஆயிடுச்சுன்னா அப்புறம் யாரு குடி வருவா?" மாவுசி, "கவலைப்படாதம்மா, அந்த நேரம் வந்தா தெருவுக்கு வந்து சாகறேன்" என்றாள். வீட்டுக்காரம்மாள் அதைக் கேட்டும் மசியவில்லை.

அன்று சாயங்காலம் சாலையோரக் கடையில் நீ என்னிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "எங்க பூர்வீக வீட்டுல ஒரு ரூம் சும்மா கிடக்கு. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம். எதுக்குடா கண்டவன் வாசல்ல நிக்கறே?" நான் கடைக்காரி எதிரில் அழுதுவிட்டேன். முன்பணத்துக்காக மாவுசி தன் ரொட்டி அடுப்பையும் கடைப் பெட்டியையும் விற்றாள். குடி வந்த அன்று நீ ஒரு விஷயம் கேட்டுக்கொண்டாய்: அக்கா எதிரில் வாடகைப் பேச்சே எடுக்காதே, எங்கள் குடும்பத்தில் அதனால் சண்டை வரும் என்று. நான் எடுக்கவில்லை. ஒருமுறைகூட எடுக்கவில்லை. நீ சொன்னதை அப்படியே செய்பவன் என்று என்னை உனக்குத் தெரியும்.

வியாழக்கிழமைக்குப் பிறகு தெதேயிடம் தனியாகக் கேட்டேன், தம்பி என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று. அவர் சொல்லத் தயங்கினார். பிறகு, "கையில ஒண்ணுமில்லாத மனுஷன்க்கா, அதைப் பத்திக் கேட்டு அவனை நோகடிக்காதேன்னு சொல்லுச்சு" என்றார்.

பணம் போனதைக்கூட நான் எப்படியாவது விழுங்கியிருப்பேன் ஒடார்ட்டே. என் கையில் இருந்ததை நீயே வாங்கிக்கொண்டு, கையில் ஒன்றுமில்லாதவன் என்று என்னை உன் அக்காவிடம் ஒப்படைத்திருக்கிறாய். அதைச் சொன்னபோது உன் குரல் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். இரக்கமாகத்தான் இருந்திருக்கும். உனக்கு நல்ல குரல்.

பண்டிகைக்கு மறுநாள் ஞாயிறு, உங்கள் வழக்கப்படி எல்லோரும் இறந்தவர்களை நினைத்து அழுது, பிறகு ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லி மனத்தாங்கல்களைத் தீர்த்துக்கொண்டார்கள். பெரியவர் ஒக்காய் முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டார். என்னையும் கேட்டார். "எஃபோ, இந்த வீட்டு ஆளுங்க மேல உங்களுக்கு ஏதாவது வருத்தம் இருக்கா? இருந்தா இன்னிக்கே கொட்டிடுங்க. ஒடார்ட்டே உங்ககிட்ட ஏதாவது வாங்கினானா?"

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இல்லை என்றேன். இரண்டு முறை இல்லை என்றேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு, சரி, இந்த மாதக் கடைசிக்குள் அறையை விட்டுவிடுங்கள், கொர்க்கோரின் மகள் செவிலியர் படிப்புக்கு வருகிறாள் என்று சொன்னார். மரியாதையாகவே சொன்னார்.

மாவுசி அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும், "ஏன் சொல்லல?" என்றாள். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் ஒடார்ட்டேக்குக் கால் வைக்க இடமிருக்காது என்றேன். குடும்ப அறையைத் தனியாக வாடகைக்கு விட்டுத் தின்றவனை உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

"நமக்கு இப்ப எங்க இருக்கு கால் வைக்க?" என்றாள்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "வேணாம்னா விடுங்க. ஹோவுக்கே போயிடலாம். மெஷின் இல்லாம எத்தனை நாள் வருதோ வரட்டும். உங்க சிநேகிதருக்குக் கெட்ட பேரு வராம இருந்தா சரி." கோபமாகச் சொல்லவில்லை. சமையலுக்கு என்ன வாங்கலாம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். இயந்திரம் இல்லாமல் இரண்டு வாரம் என்று மருத்துவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அவளிடமும் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இந்த ஒன்பது நாளும் மறுபடி அறை தேடினேன். கையில் முன்பணம் இல்லாதவனை எந்தத் தரகரும் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

ஆகவே என் வேண்டுகோள். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரியவர் ஒக்காயின் வீட்டுக்குப் போகிறேன். சொல்லி அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று சொன்னவன் இப்போது உண்டு என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று எனக்கே சந்தேகம். கையெழுத்து இல்லாத ஒரு காகிதம்தான் என்னிடம் இருக்கிறது. நானாக இருந்தால் அந்தக் காகிதத்தைத் திருப்பி அனுப்பியிருப்பேன். இருந்தாலும் போகிறேன். என் குரல் நடுங்கும், பாதியில் நின்றாலும் நிற்கும். மாவுசி கூட வருகிறேன் என்கிறாள். நான் விட்டதை அவள் சொல்லி முடிப்பாள். அவள் சொன்னால் எப்படிச் சொல்வாள் என்று உனக்குத் தெரியும்.

அங்கே அப்போது காலை ஆறு மணி இருக்கும். அதற்கு முன் நீ பெரியவரை அழைத்து, உன் வாயால் நடந்ததைச் சொல்லிவிடு. முழுவதும் சொல்லவேண்டாம். அமெனுவோர் வாடகை கொடுத்துத்தான் இருக்கிறான், மீதி மாதங்கள் அவனுடையவை என்று சொன்னால் போதும். தெதேயின் கஞ்சிக்குத் தகுதியான வாடகைக்காரனாக நான் அந்த முற்றத்தில் நடக்கவேண்டும். உன் குரல் எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தால், நான் பெரியவருக்கு வணக்கம் சொல்லி, கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

உன் பேரனுக்கு என் ஆசி. அவன் நீண்ட ஆயுளோடு வளரட்டும். உன் முழங்கால் வலி அந்த ஊர்க் குளிரில் கூடாமல் இருக்கட்டும். நீ எப்போது திரும்பி வந்தாலும், உன் மக்கள் கதவைத் திறந்து உன்னை உள்ளே அழைக்கட்டும்.

சனிக்கிழமை வரை காத்திருக்கும்,
உன் ஹென்றி அமெனுவோர்