கால் உன்னுடையது, அக்கா

என் அருமை அக்கா, நொண்டி நடந்தாலும் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டவளே,

மஞ்சள் காமாலையில் நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. எதிர்வீட்டுக்கு டிவி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தெருவே அங்கேதான். ஆலைச் சங்கு இப்போதும் ஊதுகிறது, ஆனால் எனக்காக இல்லை. நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டியவள் கையைக் கட்டிக்கொண்டு அழுதபடி நிற்கிறாள் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. நீ உயிரோடு இருந்தபோதும் இருந்தது, இப்போது இன்னும் கூடிவிட்டது. நீ பஸ்ஸில் ஏறினால் எழுந்து இடம் விடுவார்கள். நான் வாரக்கணக்கில் பாயை விட்டு எழாமல் கிடந்தால் கொழுப்பு என்பார்கள். உன் போலியோ காலுக்கு அம்மா தினமும் எண்ணெய் தேய்த்தாள். எனக்கு எங்கே தேய்ப்பது?

போன மாதம் அண்ணன் சொல்லிவிட்டான். "அக்காவுக்கு வந்த மாதிரி நீயும் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு எழுதிப் போடு. வந்தா இங்கயே இரு. இல்லன்னா எதனா விடுதில சேத்துடுறேன்." அண்ணி அடுப்படியிலிருந்து, "அவங்களுக்காவது காலு. இதுக்கு என்னா? கை கால் நல்லாத்தான இருக்கு" என்றாள்.

நகராட்சி நடக்கும் அந்தப் பிரெஞ்சுக் காலத்து மேரிக் கட்டடத்துக்கு எதிரே மனு எழுதுகிறாரே ஒரு பெரியவர், எல்லோரும் முசே என்று கூப்பிடுவார்களே, அவரிடம் போனேன். படிவத்தில் 'ஊனமுற்ற உறுப்பு' என்று ஓர் இடம். கண், காது, கை, கால், ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டுமாம். "மனசு சரியில்ல முசே" என்றேன்.

"அது உறுப்பு கெடையாதும்மா. காலுன்னு போட்டுடறேன். உங்க அக்காவுக்கு நாந்தான் எழுதுனேன், ஒரே நாள்ல கையெழுத்தாச்சு."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாரேன், உன் காலுக்கும் ஆசைப்பட்டுவிட்டேன்.

உன் இரும்புப் பட்டி வைத்த பூட்சை எடுத்து மாட்டிப் பார்த்தேன். சூம்பிய காலுக்குச் செய்தது, எனக்கு ஏறவில்லை. நடை போதும் என்று இடது முட்டியைக் கையால் அழுத்தி அழுத்தி, படிவத்தில் டாக்டர் கையெழுத்து வாங்க, உன்னைப் போலவே ஆஸ்பத்திரிக்குள் நடந்தேன். வராந்தாவில் ஒரு பெண் சட்டென்று எழுந்து பெஞ்சில் இடம் விட்டாள். அந்த இடத்தில் உட்கார்ந்தபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? இவ்வளவு நாளும் நீ ஒருத்தியே அனுபவித்தாயே.

டாக்டர் சுவர் வரை நடந்து காட்டச் சொன்னார். போனேன், வந்தேன். "உள்ள வரும்போது எடது கால். இப்ப வலது கால். எந்தக் காலும்மா?" என்றார்.

வாய் தவறி வந்துவிட்டது. "கால் எங்க அக்காவோடது டாக்டர்."

திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்ப உங்களுக்கு என்னா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாராவது இப்படிக் கேட்டார்களா? நீகூடக் கேட்டதில்லை. சங்கு நின்ற பிறகும் காதுக்குள் ஊதுவதை, குளிக்க ஒரு சொம்புத் தண்ணீர் தூக்க முடியாத நாள்களை, எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தில் 'கால்' என்பதை அடித்துவிட்டு, மேலே 'மனம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அலுவலகத்தில் குமாஸ்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு ரூல் இல்லம்மா. மேல அனுப்பிப் பாக்குறேன். அடுத்த மாசம் வந்து கேளு." உன்னுடையது மட்டும் ஒரே நாளில் ஆனது. எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இடுப்பு விட்டுப்போயிருப்பது தெரிந்தது. அரை மணி நேரம் உன் நடை நடந்ததற்கே இப்படி. நீ ஆயுசு முழுக்க நடந்தாய். கடற்கரையில் நான் ஓடும்போது, நீ சுவரில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருப்பாய். அதுவும் பொறாமைதானா, அக்கா? நான் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?

அடுத்த மாதம் போவேன். இல்லை என்றால் அதற்கடுத்த மாதமும் போவேன். அண்ணன் என்னை எங்கே கொண்டு சேர்த்தாலும் அங்கிருந்து கிளம்பிப் போவேன். பெஞ்சில் யாரும் இடம் விட மாட்டார்கள், நின்றுகொண்டே காத்திருப்பேன். உன் காலை மட்டும் இனி இரவல் கேட்க மாட்டேன், இது சத்தியம்.

உன்மேல் பொறாமை தீராத
உன் ஒரே தங்கச்சி,
செல்வி