முதுகை விட்டு முகத்தைப் போட்ட அத்தைக்கு

அத்தை,

இன்று காலை தலைக்குக் குளிக்கும்போது கண்ணில் சீயக்காய் விழுந்துவிட்டது. சிவந்த கண்ணோடு வெளியே வந்தேன். "அழுதியாடி?" என்று கேட்டாள் அம்மா. "சீயக்கா" என்றேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

பூலாங்கிழங்கும் வெந்தயமும் கலந்த அந்த வாசனை வந்தாலே சிட்லபாக்கத்து வீட்டு மொட்டை மாடி முழுக்க நீதான். மாமா போன பிறகு எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாய். ஒரு வருஷத்துக்குள் மாடியில் நடக்க இடமில்லை. எங்கே கால் வைத்தாலும் சீயக்காய் காய்ந்தது. அடுத்த வருஷம் தாம்பரம் மார்க்கெட் கடைகளில் உன் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. அதற்கு நீ வைத்த பெயர் எந்தக் கடைக்காரர் வாயிலும் நுழையவில்லை. 'பின்னல் மார்க்' என்றுதான் கேட்டு வாங்கினார்கள். கவரில் வட்டத்துக்குள் ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்பாள். முழங்கால் வரைக்கும் பின்னல், நடுவில் ஒரு பூ.

உன் சொந்தப் பின்னலோ எலிவால். அதை நான் சொல்லிக் காட்டாத நாளில்லை. "முடி இருக்கறவ சீயக்கா வாங்குவா, இல்லாதவ விப்பாடி. அதான் உலகம்" என்பாய். உன்னைக் கலாய்த்து ஜெயித்ததாக எனக்கு ஒரு நாளும் ஞாபகம் இல்லை.

அப்புறம்தான் பம்பாயிலிருந்து அந்த நோட்டீஸ் வந்தது. பெரிய கம்பெனி. டி.வி.யில் விளம்பரம் வருகிற அளவுக்குப் பெரிசு. அவர்களும் சீயக்காய் விற்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் கவரிலும் வட்டம், வட்டத்துக்குள் ஒரு பெண், முதுகு, பின்னல், பூ. உன் படம் அவர்கள் படத்தைப் போலவே இருக்கிறது, உடனே நிறுத்து, இல்லாவிட்டால் கோர்ட்டு என்று இங்கிலீஷில் மிரட்டியிருந்தார்கள். எதிர்வீட்டு வக்கீல் சார் அதைப் படித்துத் தமிழில் சொன்னபோது இன்னும் பயமாக இருந்தது.

"நீங்கதான் மொதல்ல போட்டீங்க, எனக்குத் தெரியும். ஆனா கோர்ட்டுக்குத் தெரியணுமே. பழைய கவர் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"சீயக்கா கவர யாரு சார் பத்திரமா வெப்பாங்க? பாத்ரூம்ல கிழிச்சுப் போடறதுதானே."

"கேஸ் நடத்தலாம்மா. ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். ஆனா முடியற வரைக்கும் விக்கக் கூடாதுன்னு ஒரு ஸ்டே வாங்கிட்டான்னா?"

விற்காமல் சும்மா இருந்தால் ஒரே மாதத்தில் கடைக்காரர்கள் உன் சரம் தொங்கிய ஆணியில் அவர்கள் சரத்தை மாட்டிவிடுவார்கள். நீ மறுபடியும் தம்பி வீட்டு மாடியில் ஒரு டிரங்குப் பெட்டியோடு உட்கார வேண்டியதுதான். அது எனக்கே புரிந்தது.

புரிந்ததால்தான் என் பாணியில் ஒரு தீர்வு சொன்னேன். ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கவரில் பின்னலை அடித்துவிட்டு, முதுகுக்கு ஒரு முறுக்கு மீசை வரைந்து நீட்டினேன். "இப்ப சொல்லச் சொல்லு, ஒத்துமையா இருக்கான்னு."

தலையில் ஒரு குட்டு விழுந்தது. ஆனால் கவரை நீ கீழே வைக்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"முதுகுக்கெல்லாம் ஏதுடி அடையாளம்? அவன் பொண்ணும் திரும்பி நிக்கறா, என் பொண்ணும் திரும்பி நிக்கறா. யாரு யாரப் பாத்துத் திரும்பினாங்கன்னு எவன் சொல்றது? என்னோடத நான் இந்தப் பக்கம் திருப்பிடறேன். என் மூஞ்சியப் போடறேன். எவன்கிட்ட இருக்கு இந்த மூஞ்சி?"

அன்றைக்கு அப்பா போட்ட சத்தம் ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

"உனக்குப் பைத்தியமாக்கா? வீட்டுப் பொம்பள மூஞ்சி கடை கடையாத் தொங்கணுமா? தொங்கினாக்கூடப் பரவால்ல, கிழிச்சுக் குப்பையில போடுவான். ஆபீஸ் விட்டு வரச்சே நானே ரோட்ல உன் மேல மிதிச்சுட்டு வரணுமா?"

"பாத்து நடடா" என்றாய். அவ்வளவுதான் உன் பதில்.

தாம்பரம் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்தோம். சோடாபுட்டிக் கண்ணாடி, எண்ணெய் வைத்து வாரிய தலை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். கண்ணாடியைக் கழற்றச் சொன்னார் போட்டோக்காரர். "கழட்டினா அது நான் இல்லை" என்றாய்.

பிரஸ்ஸிலிருந்து கவர்க் கட்டுகள் வந்த அன்று முதல் கட்டைப் பிரித்தவள் நான். பழைய கவரில் பின்னல்காரியின் தலைக்கு மேலே ஒரு புள்ளிக்கோடும், குட்டிக் கத்தரிக்கோல் படமும், 'இங்கே வெட்டவும்' என்ற எழுத்தும் இருக்கும். பிரஸ்காரர் கோட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, உன் முகத்தை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தார். கோடு சரியாக உன் கழுத்தில் ஓடியது.

"அத்தை, கம்பெனிக்காரன் கேஸ்தான் போட்டான். பிரஸ்காரர் தீர்ப்பே எழுதிட்டாரு."

நீ சிரிக்கவில்லை. முதல் தடவையாக என் கடிக்கு நீ சிரிக்கவில்லை. பழைய கவரை நிறுத்துவதாக வக்கீல் சார் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மறுபடி அச்சடித்து வரும்வரை கடை ஆணி காலியாகக் காத்திருக்காது. மாடிப்படியில் உட்கார்ந்து கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். அப்புறம் எழுந்து புடவையை உதறினாய்.

"என் கழுத்துதானே? வா, ஒட்டுவோம்."

மார்க்கெட்டில் மூலைக்கடை அண்ணன் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும், "இன்னாக்கா இது! உங்க கழுத்துலயே கத்திரி வெச்சுக்கினு வந்துகிறீங்க?" என்றார்.

"தைரியம் இருந்தா வெட்டிப் பாருங்க" என்றாய்.

அடுத்த வாரம் சரக்கு கொண்டு போனபோது அவரே கூப்பிட்டார். "அக்கா, இத்தக் கேளு. ஒரு பொம்பள கூட அங்க வெட்றதில்லையாம். என் பொண்டாட்டி கூடத்தான். அந்தம்மா நம்மளயே பாத்துக்கினு கீது, கய்த்துல எப்டி கத்திரி வெக்கறதுன்றா. கவரத் தலைகீயாத் திருப்பி அடியில வெட்டிக்கிறாங்கோ."

கடையில் நீ பெரிதாக ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாய். நானும் ஜோக் அடிக்காமல் வந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த நாட்களில் அப்பா ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்துவருவார். ஏதோ தொலைத்துவிட்டாரென்று நான் நினைத்தேன். ஒருநாள் துவைக்கப் போட்ட அவர் சட்டைப்பையில் கைவிட்டேன், சில்லறை கிடைக்கும் என்ற ஆசையில். நான்காக மடித்த ஒரு காலிக் கவர் இருந்தது. மண் ஒட்டியிருந்தது. அடியில் வெட்டியிருந்தார்கள். மேலே உன் முகம் முழுசாக இருந்தது. நான் அதை அப்படியே அவர் மேஜையில் வைத்துவிட்டேன்.

பம்பாய்க்காரர்களுக்குப் புதுக் கவரை அனுப்பினோம். ஆட்சேபம் இல்லை என்று இரண்டே வரியில் பதில் வந்தது. வக்கீல் சார் அதைத் தமிழில் சொன்னார். நீ இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாய்.

அத்தை, நீ போன பிறகும் சீயக்காய் நிற்கவில்லை. அம்மா அரைக்கிறாள், நான் ஒட்டுகிறேன், கோடு இப்போது அடியில் இருக்கிறது. போன வாரம் உன் முகத்தைப் பதிவு செய்துவிடலாம் என்று அப்பாவேதான் கிளம்பினார். மின்சார ரயிலில் என்னையும் கூட்டிக்கொண்டு டிரேட்மார்க் ஆபீசுக்குப் போனார்.

அங்கே இருந்த அதிகாரி படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இவங்க உயிரோட இருக்காங்களா?"

"தவறிட்டாங்க சார். எங்க அக்கா."

"ஒருத்தர் மூஞ்சியப் போட்டா அவங்க சம்மதம் வேணும். இல்லேன்னா குடும்பத்துல யாராவது எழுதித் தரணும். நீங்க தர்றீங்களா? கடை கடையாத் தொங்கும். உங்களுக்கு ஆட்சேபம் ஒண்ணும் இல்லையே?"

நான் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. பேனா மூடி திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தன் முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதி, அதற்குக் கீழே 'தம்பி' என்று எழுதினார்.

அதிகாரி கையெழுத்தைச் சரிபார்த்தார். படத்தைப் பார்த்தார். போன மாதம்தான் சோடாபுட்டி போட ஆரம்பித்த என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"என்ன சார் இது, அப்படியே இருக்கே!"

வீட்டில் ஜோக் என்றால் நீயும் நானும்தான். அப்பா ஜோக் அடித்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு அவர் என் தோளில் கை போட்டுச் சொன்னார்:

"அத்தை ஜாடை சார். இதுக்கு எவனும் நோட்டீஸ் அனுப்ப முடியாது."