கொக்கிப்புழுவும் கேட்டில் கழற்றிய செருப்பும்

6-7-2009, திங்கள்
வெயில். புழுதிக்காற்று. விருதுநகர் பெரியாஸ்பத்திரி, எச்.ஐ.வி. மாத்திரைக்காக. எடை மறுபடி குறைவு. மாத்திரை கைவிட்டுவிட்டதோ என்று நினைத்தேன். ஆனால் போன தடவை கொடுத்த மலத்தில் கொக்கிப்புழு முட்டையாம். வெறுங்காலில் ஏறி ரத்தம் குடிக்குமாம். புழு இருப்பதற்குச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நான்தான்.

டாக்டரம்மா: "உங்க உடம்புக்கு இதைச் சும்மா விடக் கூடாது. செருப்பில்லாம நடக்காதீங்க."

தலையாட்டினேன். பட்டாசு ஷெட்டில் செருப்பு போட்டால் உரசிப் பொறி பறக்கும், கேட்டிலேயே கழற்றிவிடுவோம் என்று சொல்லவில்லை. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். மற்ற மாத்திரை ஒரு வாரத்துக்குத்தான். அடுத்த திங்களன்று ரத்த ரிசல்ட் பார்த்துத்தான் மீதி.

7-7, செவ்வாய்
மகள்: "ஏம்ப்பா, சின்னப் பிள்ளைகளுக்குத்தான பூச்சி வரும்?"
"நானும் சின்னப் பிள்ளைதான்."
மனைவி செல்வி சிரிக்கவில்லை. வீட்டில் அவளுக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும்.

9-7, வியாழன்
நாரணாபுரம் ஷெட்டில் வேலை. தீபாவளிச் சீசன். லோடு காத்து நிற்கிறது. ஷெட்டில் சிமெண்டுத் தரை, பரவாயில்லை. ஒதுங்கப் போவது கருவேலங்காட்டுக்கு. கேட்டுக்குச் சுற்றிப்போய் செருப்பை மாட்டினேன். போர்மேன் பார்த்துவிட்டார்.

"என்னய்யா, மாப்பிள கணக்கா செருப்பு மாட்டிட்டு ஒதுங்கப் போற?"
"வயித்துல பூச்சிண்ணே. டாக்டர் சொல்லிட்டாக. திங்கக்கிழமை மறுபடி போகணும்."

ஷெட்டே சிரித்தது. பக்கத்தில் வேலை செய்யும் மாரியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கும் தலை சுத்துதுண்ணே. திங்கக்கிழமை நானும் உங்க கூட வாரேன்."

சரி என்று சொல்லித் தொலைத்தேன். வாயா இது.

12-7, ஞாயிறு
காய்ச்சல் என்று படுக்கலாமா. மாத்திரை நாளையோடு தீர்கிறது. எச்.ஐ.வி. மாத்திரை தரும் அறை வாசலில் மாரியப்பன் என்னைப் பார்த்தான் என்றால் ஷெட் முழுக்கத் தெரியும். அப்புறம் வேலை? மகள் பள்ளிக்கூடம்?

13-7, திங்கள்
பொது வரிசையில் மாரியப்பனோடு நின்றேன். நகரவே இல்லை. என் அறையை மதியம் மூடிவிடுவார்கள். கடிகாரத்தையே பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"நான் நின்னுக்கிறேண்ணே. நீங்க அங்கன உங்க ரூமுக்குப் போங்க. மூடிருவாக."

எந்த ரூம் என்று கேட்டேன்.

"என் மச்சினனும் அங்கனதான் மாத்திரை வாங்குறான். போன வருசமே உங்களப் பாத்துட்டேன். போங்கண்ணே."

போனேன். எதிர்ப்புச் சக்தி இறங்கவில்லை. அதே மாத்திரை. எடையும் ரத்தமும் குறைந்தது புழுவால்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா.

திரும்புகிற பஸ்ஸில் திருத்தங்கல் தாண்டியதும் அவன்தான்: "மலம் கொண்டாரச் சொல்லிட்டாக. நீங்க எதுலண்ணே கொண்டுபோனீக?"

"காலித் தீப்பெட்டியில."

அதற்கு நர்சம்மாவிடம் வாங்கிய திட்டைச் சொல்லவில்லை. அவனும் கொஞ்சம் வாங்கட்டும்.