தார்ப்பாய்க்குள் ஒரு நீல ஃபியட்

1991

ஜூலை 7, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. தார்ப்பாய் வாங்க ஸ்ரீபெரும்புதூர் பஜாருக்குப் போனேன். லாரிக்குப் போடுகிற பச்சைத் தார்ப்பாய்தான் கிடைத்தது. அளவுக்கு வெட்டித் தைத்துக் கொடுத்தார்கள். மாடிப்படிக்கும் கிணற்றுக்கும் நடுவே வண்டி இப்போது முழுக்கப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

வாங்கி எட்டு நாள் ஆகிறது. யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன். எழுபத்திரண்டாம் வருட ஃபியட். நீலம். கீழ்ப்பாக்கத்துப் பையன் ஒருவன் பந்தயத்துக்காக எஞ்சினைப் பிரித்து மாற்றிக் கட்டியது. சாதாரண ஃபியட்டுக்கு ஒரு கார்புரேட்டர் என்றால் இதற்கு இரண்டு. ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்துக்குக் கம்பெனியில் பாஸ் கொடுத்தார்கள். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்திருந்தேன். இந்த வண்டி வளைவைத் தாண்டி நேர்ச்சாலையில் பாய்ந்தபோது அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. அழுகை வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. ஒன்பது வருஷம் அம்மாவின் வேகத்திலேயே நடந்திருக்கிறேன், அதனால் இருக்கும்.

மார்ச்சில் அம்மா போய்விட்டாள். ஜூனில் பேப்பரில் விளம்பரம் பார்த்தேன். அதே வண்டி. நாற்பத்திரண்டாயிரம் ரூபாய். என் கல்யாணத்துக்கென்று அம்மா போட்டு வைத்திருந்த பணம் அது. எனக்கு நாற்பத்தொரு வயது.

ஜூலை 9, செவ்வாய்

கம்பெனி அக்கவுண்ட்ஸில் பதினெட்டு வருஷமாக நான் செய்கிற வேலையே தேய்மானம் போடுவதுதான். லேத், டிரில்லிங் மெஷின், மேனேஜர் நாற்காலி எல்லாவற்றுக்கும் வருஷத்துக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொண்டே வருவேன். இன்று கை தானாக ஒரு தாளில் என் வண்டிக்கும் போட்டுப் பார்த்தது. கிழித்துப் போட்டேன்.

ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்களாம், எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். "ரூபாய்க்கே டிப்ரிசியேஷன் போட்டுட்டாங்கம்மா, உங்களுக்கு இனிமே வேலை ஜாஸ்தி" என்றார் கேஷியர். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூலை 14, ஞாயிறு

காலை ஐந்தரை. ஒரகடம் சாலை. இரண்டு பக்கமும் வயல். எதிரே ஒரு பால்காரர், அவ்வளவுதான். மூன்றாவது கியரிலிருந்து நான்குக்கு மாற்றிய பிறகு மிதித்தேன். நூற்றுப்பத்து. முதுகை யாரோ பின்னாலிருந்து பிடித்து இருக்கையோடு அழுத்துகிற மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வேன் டிரைவராக இருந்த அப்பா அந்த வேனில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நாற்பதைத் தாண்டவிட்டதில்லை. நான் சத்தமாக என்னவோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட் வரை போய்த் திரும்பினேன். வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்ததும் எல்லாம் வடிந்துவிட்டது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கூடியிருக்கிறது. நாளைக்கு விற்கப் போனால் முதலில் இதைத்தானே பார்ப்பார்கள்? டயரும் தேய்ந்திருக்கும். துடைத்து மூடினேன்.

விற்கப் போகிறேனா என்ன? தெரியவில்லை.

ஜூலை 25, வியாழன்

பெட்ரோல் விலையை ஏற்றிவிட்டார்கள். என் வண்டி லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கொடுத்தால் அதிகம். இனி இதை யார் வாங்குவார்கள்?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தம்பி ரத்தினம் ஆவடியிலிருந்து வந்தான். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறான். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டான்.

"அக்கா, அதே பணத்துக்குத் தண்டலத்துல ரெண்டு கிரவுண்டு வாங்கியிருக்கலாம். மண்ணு வருஷா வருஷம் ஏறும். இது இறங்கும். உனக்குத் தெரியாத கணக்கா?"

தெரியும் என்றேன்.

"அப்புறம் ஏன்?"

காபி போட எழுந்து போனேன். காபி மட்டும் குடித்தான். சாப்பிடச் சொன்னேன், நேரமாகிவிட்டது என்றான். இரண்டு பேருக்கு வைத்த மீன்குழம்பை நாளையும் நானே சாப்பிட வேண்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

காலையில் வாட்ச்மேனிடம் வணக்கம் சொன்னபோது குரல் கரகரத்தது. சளி இல்லை. யோசித்துப் பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் டிக்கெட் கேட்டதுதான் நான் கடைசியாகப் பேசியது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மதியம் கேன்டீனில் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே ஆள் பேக்கிங் செக்‌ஷன் மீனம்மாள். முப்பது வயதிருக்கும். கட்சிப்பட்டில் தனியாக இருக்கிறாள். புருஷன் வேன் டிரைவர், வேறொருத்தியோடு போய்விட்டான். அவளாகப் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இன்று சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, நீ கார் வாங்கிகீறியாமே. எனக்கு ஓட்டக் கத்துக்குடேன்."

"நீ எதுக்கு?"

"அந்தாளு வண்டிய எடுத்துகினு போனப்ப நான் ரோட்டுல நின்னு பாத்துகினே இருந்தேன். ஒரு தபா நானும் ஓட்டிப் பாக்கணும். வேற ஒண்ணுமில்ல."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழகுறவங்க கையில குடுத்தா கிளட்ச் தேஞ்சிடும் மீனா. அப்புறம் வெல போகாது."

டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "சரிக்கா, வுடு" என்றாள்.

சே. ஏன் அப்படிச் சொன்னேன்? நாள் முழுக்க யாராவது என்னிடம் ஏதாவது கேட்க மாட்டார்களா என்று இருக்கிறவள், கேட்ட ஒருத்தியிடம் கிளட்ச் கணக்குப் பேசியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, புதன்

மீனம்மாள் ஜன்னலோர மேஜையில் அவள் செக்‌ஷன் பெண்களோடு உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இன்றும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

எட்டு வாரம் கழித்து ஸ்டார்ட் செய்தேன். ஒரு முனகல்கூட இல்லை. மெக்கானிக் புருஷோத்தமனைக் கூட்டி வந்தேன். பேட்டரி செத்துவிட்டதாம். கார்புரேட்டரில் பிசின் மாதிரி என்னவோ படிந்திருந்தது.

"இன்னாம்மா, மூடியே வெச்சிகினுகீறீங்க?"

"ஓட்டினா மதிப்புக் குறையும்ல."

"நிக்க வெச்சாலும் கொறயும்மா. ரப்பரெல்லாம் வெறச்சிப்பூடும், பிரேக்கு புடிச்சிக்கும், எலி ஒயரக் கடிக்கும். ஓட்டுனா தேஞ்சி கொறயும், ஓட்டாட்டி துருப்புடிச்சிக் கொறயும். எது உங்களுக்குத் தோதோ பாத்துக்கோங்க."

அவர் எஞ்சினைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுட்டது.

செப்டம்பர் 22, ஞாயிறு

பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தேன். ஒரே ஒருவர் வந்தார். பெயர் ரகுபதி, பூந்தமல்லி. பானெட்டைத் திறந்ததும் கண் பளபளத்தது. மூடியதும் முகத்தை மாற்றிக்கொண்டார்.

"இருபத்தெட்டு தரேன் மேடம். பெட்ரோல் விக்கிற வெலைக்கு இத எவன் வாங்குவான்? எனக்கு இன்ஜின் மட்டும்தான் வேணும். பாடிய காயலாங்கடைக்குப் போட்டுடுவேன்."

மூன்று மாதத்தில் பதினாலாயிரம் போய்விட்டது. நான் போடுகிற எந்தத் தேய்மானமும் இவ்வளவு வேகமாக இறங்கியதில்லை. மேலும் இறங்குவதற்குள் தள்ளிவிடுவதுதான் புத்தி. சரி என்றேன். அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் பணத்தோடு வருகிறார்.

செப்டம்பர் 26, வியாழன்

தூக்கம் இல்லை. காயலாங்கடையில் அந்த நீலத் தகரம் எப்படிக் கிடக்கும் என்றே ஓடுகிறது. வெறும் தகரம்தானே? தகரத்துக்கா இவ்வளவு?

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆறு மணிக்குக் கடைசியாக ஒரு முறை என்று எடுத்தேன். ஒரகடம் பக்கம் திருப்ப நினைத்தவள் கட்சிப்பட்டுக்குத் திருப்பிவிட்டேன். அவள் வீடு எனக்குத் தெரியாது. தெருக்குழாயில் கேட்கலாம் என்று நிறுத்தினால், குடத்தோடு அவளே நிற்கிறாள்.

"இன்னாக்கா, இந்நேரத்துல?"

இறங்கினேன். சொல்ல நினைத்தது ஒன்றும் வரவில்லை. "ஏறு. இந்தப் பக்கம். ஸ்டீரிங் பக்கம்."

அவள் அசையவில்லை. குழாயில் நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிளட்ச் தேஞ்சிடுமே."

"தேயட்டும்."

"வெல போவாது."

"போவேணாம். மீனா, நான் அன்னிக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு, எனக்குப் பேசவே மறந்துபோச்சு."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவுக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று நினைத்தேன். கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருகப் போனபோது, தலையை முடிந்துகொண்டே திரும்பி வந்தாள். "தண்ணிய உள்ள வெச்சிட்டு வர வாணாவா? நவுரு."

ஏரிக்கரைப் பக்கம் ஆள் இல்லாத மண் ரோட்டில் பதினோரு முறை எஞ்சின் நின்றுபோனது. பன்னிரண்டாவது முறை வண்டி நகர்ந்தது. அவள் சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. நான் எதிரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீடு திரும்பப் பன்னிரண்டு மணி. ரகுபதி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனாராம்.

அக்டோபர் 13, ஞாயிறு

மீனம்மாளுக்கு எல்.எல்.ஆர். வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ரிவர்ஸ் எடுத்துக் கிணற்றுச் சுவரில் இடித்தாள். பின்பக்கம் வலது மூலை உள்ளே போய்விட்டது. அவள் முகம் வெளுத்துவிட்டது. நான் முதலில் குனிந்து பார்த்தது அந்த நெளிவைத்தான். இல்லை என்று எழுதினால் பொய். ஆயிரம் ரூபாயாவது இறங்கியிருக்கும்.

"உனக்கு அடிபட்டுச்சா?" என்று கேட்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கேட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

நான்கு நாளாக விடாத மழை. ரகுபதி போன் செய்தார், இருபத்திரண்டுக்குத் தருவதானால் பேசலாம் என்று. இல்லை என்றேன். வைத்த பிறகுதான் கவனித்தேன், ஏன் இல்லை என்று அவருக்குக் காரணமே சொல்லவில்லை.

டிசம்பர் 25, புதன்

அம்மா இல்லாத முதல் கிறிஸ்துமஸ். சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ரத்தினம் ஒரு கார்டு அனுப்பியிருந்தான். மீனம்மாளுக்கு இன்று ஷிப்ட், ஓ.டி. வேறு. பண்டிகை நாளில் வீடு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாது. அம்மாவின் கட்டிலை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. அதில்தான் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

மழை விட்டு நல்ல வெயில். மீனம்மாள் குன்றத்தூர் மலைக்குப் போக வேண்டும் என்றாள், ஏதோ வேண்டுதல். ஆறரைக்குக் கிளம்பினோம். அவள்தான் ஓட்டினாள். லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தாள். கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தேன், காற்று குளிர்ச்சியாக வந்தது.

"அக்கா, எழுந்திரு, மலை வந்திட்ச்சி" என்று தோளைத் தட்டினாள். வழியெல்லாம் தூங்கியிருக்கிறேன்.