நாற்பத்திரண்டு பாடிய சாயங்காலம்

என் சின்னவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அப்பா, என் தையல் மெஷின் மூன்று பேரும் சுகம், மூன்று பேருக்கும் முட்டி மட்டும் கொஞ்சம் சத்தம் போடுகிறது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாயா, முதலில் அதற்கு ஒரு வரி எழுது. உன் கடிதம் வந்து ஒன்பது நாள் ஆகிறது. போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம் என்று எழுதியிருந்தாய், அதுவும் நல்லதாய்ப் போயிற்று, போனில் கேட்டிருந்தால் நானும் அழுது, அப்பா போனைப் பிடுங்கி அவரும் அழுது, கேட்ட விஷயம் கேட்டபடியே நின்றிருக்கும். நீ கேட்டது ஒரே கேள்வி. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்து வேலையில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட இந்த மாதக் கடைசி வரைதான் நாள், போடட்டுமா, வந்துவிடட்டுமா என்று. மூன்று வருஷம் ஆகியும் அந்த ஊரில் ஒருவரும் உன்னிடம் ரெண்டு வார்த்தை நின்று பேசுவதில்லை, ரத்தக் குழாய்களோடு மட்டும்தான் பேசுகிறேன், என் குரலே எனக்கு மறந்துபோகும் போலிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை அப்பா மூன்று தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் ஒரு தூசியும் இல்லை. உனக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நடுவில் ஒன்று நடந்துவிட்டது, அதைச் சொல்லாமல் பதில் சொல்ல எனக்கு வராது. பொறுமையாகப் படி, வழக்கம்போல் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பாதே.

கோடை விழா வந்தால் நம் கடை என்ன பாடுபடும் என்று நீ பார்த்து வளர்ந்தவள். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் எத்தனை தேசத்துப் பிள்ளைகள் படிக்கிறார்களோ அத்தனை தேசத்துப் பாவாடையும் அங்கியும் சராயும் அந்த மூன்று நாளுக்காக என் மேஜைக்கு வந்து சேரும், இதைப் பிடி, அதை இறக்கு, இங்கே ஒரு கொக்கி வை என்று. பத்தொன்பது வருஷமாக அந்த விழாவுக்குத் தைக்கிறேன், ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்கிறேனா. நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது வா வா என்று கையைப் பிடித்து இழுப்பாய், கடையை யார் பார்ப்பது என்று விரட்டிவிடுவேன். எனக்கு விழா என்றால் ஜன்னல் வழியாக வரும் மேளச் சத்தமும், மறுநாள் கிழிந்து வரும் துணியும்தான். என் வழக்கமும் உனக்குத் தெரியும், வந்தவர் பேரை நான் கேட்கமாட்டேன். கேட்டாலும் வாயில் நுழையாது, நுழைந்தாலும் மறுநாள் தங்காது. அளவுதான் பேர். துண்டுச் சீட்டில் அளவை எழுதி மூட்டையில் குத்திவிட்டால் முடிந்தது, இருபத்தாறு வந்தாள், பதினெட்டு தோள் வந்தான் என்றுதான் நானும் அப்பாவும் பேசிக்கொள்வோம். அப்படி இரண்டு வருஷமாக வருகிறவன் ஒருவன், பனைமரம் மாதிரி உயரம், கால் நீளம் நாற்பத்திரண்டு அங்குலம், அதனால் அவன் பேர் நாற்பத்திரண்டு. வாயைத் திறந்து பேசமாட்டான். ஒரே கால்சட்டையைக் கொண்டுவந்து அரை அங்குலம் இறக்கச் சொல்வான், அடுத்த மாதம் அதையே ஏற்றச் சொல்வான், நான் தைத்து முடிக்கும்வரை அந்த முக்காலியில் உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் போனதும் நானும் அப்பாவும் சிரிப்போம், பையன் மாசாமாசம் வளர்ந்து தேய்கிறான் என்று. இந்தத் தடவை விழாவில் பாடப் போகிறேன் என்று ஒரு மஞ்சள் துணி கொண்டுவந்தான், ஊரிலிருந்து கிளம்பும்போது அவன் அம்மா பெட்டியில் வைத்துவிட்டதாம், கால்வரை நீள அங்கி தைக்கவேண்டும் என்றான். இரண்டு வருஷத்தில் அவன் பேசிய பேச்சிலேயே அதுதான் நீளம்.

விழாவின் இரண்டாம் நாள் மூன்று மணிக்கு நூலகத்துக்காரர் வந்தார், வயிறு முன்னால் வந்து அவர் பின்னால் வருவாரே அவரேதான். மூன்றாம் நாள் சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறார், அதற்குக் கறுப்புக் கோட்டைப் பிரித்து இடம் விட்டுத் தரச் சொல்லியிருந்தார். அப்பா மூட்டையை எடுத்துக் கொடுத்தார், அவர் பிரித்தார், உள்ளே மஞ்சள் அங்கி. அதைத் தூக்கி வயிற்றின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது எனக்குக் கைக்குட்டைக்குக்கூடப் பத்தாதே" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய இடுப்பு நாற்பத்திரண்டு, அந்தப் பையனுடைய கால் நாற்பத்திரண்டு, இரண்டு சீட்டிலும் நான் எழுதியது வெறும் நாற்பத்திரண்டு. காலையில் பையன் வந்தபோது அப்பா கோட்டு மூட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவனுக்கு மேடை நாலரை மணிக்கு. அப்பாவைத் திட்ட வாயெடுத்தேன், சீட்டில் இருந்தது என் கையெழுத்து, அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஊசி நூல் டப்பாவை எடுத்தேன், அங்கியைத் தோளில் போட்டேன், கடையைச் சாத்து என்றேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்கவேண்டும், வீடு தீப்பிடித்தால்கூட நான் சொல்லாத வார்த்தை அது. அவர் பதற்றத்தில் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடிவந்திருக்கிறார், பாதி வழியில்தான் பார்த்தேன், அப்புறம் அதை எங்கே வைப்பது.

சின்னவளே, அந்த விழாத் திடலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் வழியாக வந்தது சத்தமே இல்லை, அது சத்தத்தின் ஓரம். நான்கு மேடை, நான்கு திசையிலும் பாட்டு. ஒரு பக்கம் பத்துப் பேர் மேளத்தைத் தட்டினால் என் நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தட்டுகிறார்கள், நாலு அடி தள்ளி நடந்தால் ஒரு பெண் ஒரே ஒரு தந்தியை மீட்டிக்கொண்டு முனகுகிறாள், மேளம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. எத்தனை நிறத்து முகம், எத்தனை விதத் தலைமுடி, தாத்தா வயதில் ஒரு பேராசிரியர் காலில் சலங்கை மாதிரி எதையோ கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு குதிக்கிறார். அப்புறம் நான் முகத்தைப் பார்க்கவே இல்லையடி, துணியைத்தான் பார்த்தேன். அந்தச் சிவப்புப் பாவாடையின் கீழ்மடிப்பு என் கை. அந்த நீலச் சட்டையின் காலர் என் கை. மேஜைமேல் செத்துக் கிடந்த துணிகள் எல்லாம் எழுந்து ஆடிக்கொண்டிருந்தன. சுற்றும்போது விரியவேண்டும் என்று ஒருத்தி சொன்னதற்காகப் பாவாடையில் ஆறு கூறு கூடுதலாக வைத்தேன், எதற்கு இவ்வளவு வீண்துணி என்று அப்போது முணுமுணுத்தேன், அது விரிந்ததைப் பார்த்ததும் வழியில் அப்படியே நின்றுவிட்டேன். அப்பா பின்னால் வந்து மோதினார், நல்லவேளை இஸ்திரிப் பெட்டி சூடாக இல்லை. நூலகத்துக்காரர் வயிற்றாலேயே கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார், நாங்கள் இரண்டு பேரும் அந்த வழியில் பின்னாலேயே போனோம்.

மேடைக்குப் பின்னால் கூடாரத்தில் நாற்பத்திரண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். கோட்டை அழகாக மடித்து மடியில் வைத்திருந்தான், உடம்பில் வழக்கமான பனியன். காலையிலேயே பிரித்துப் பார்த்துவிட்டானாம். ஏன் ஓடிவரவில்லை என்று கேட்டால், உங்களுக்கு விழா வேலை தலைக்கு மேல இருக்கும், தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்துட்டேன் என்கிறான். அங்கியைப் போட்டுப் பார்த்தால் இடது கை அரை அங்குலம் நீளம். கால் மணிநேரம்தான் இருந்தது, அவனை நிற்கவைத்து நான் ஒரு வாத்தியப் பெட்டிமேல் ஏறி நின்று உடம்பிலேயே வைத்துத் தைத்தேன். அவன் நடுங்கினான், ஊசி குத்திவிடும், அசையாதே என்று அதட்டினேன். அவன் பாட்டைப் பற்றிச் சொன்னான், அது தனியாகப் பாடுகிற பாட்டே இல்லையாம், ஒருவர் கேட்கக் கேட்க ஊரே பதில் பாடவேண்டிய பாட்டாம். அப்புறம் பதில் யார் பாடுவார்கள் என்றேன். "கேக்கறதும் நான்தான், பதில் சொல்றதும் நான்தான், என் பாஷை தெரிஞ்சவங்க இங்க யாரு இருக்கா" என்றான். தட்டுத் தடுமாறி இன்னொன்றும் சொன்னான், "இந்த ஊருக்கு வந்த இந்த ரெண்டு வருஷத்துல என்னைத் தொட்டவங்க நீங்க ஒருத்தர்தான். அளவு எடுக்கறப்ப. அதுக்காகத்தான் கால்சட்டையைக் கொண்டுவருவேன்." கைமடிப்பை இழுத்துப் பிடித்து நூலை முடிச்சுப் போட்டேன். நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் ஞாபகம் வந்தது.

அவன் மேடையில் ஏறினான். வாத்தியம் ஒன்றும் இல்லை, கையைத் தட்டுகிறவர்கூடக் கிடையாது. முதல் அடியை எடுத்தான் பார், அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு குரல் எங்கே இருந்தது என்று தெரியவில்லை, திடலில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள், குளிர்பானக் கடைக்காரர் பாட்டிலைத் திறக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கேள்வியை ஒரு பக்கம் திரும்பிப் பாடினான், பிறகு இந்தப் பக்கம் திரும்பி அவனே பதிலைப் பாடினான், குரலைத் தாழ்த்தி, வேறு யாரோ பாடுவதுபோல. எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. மூன்றாவது தடவை கேள்வியைப் பாடிவிட்டு மூச்சு வாங்கினான் பார், அந்த இடைவெளியில் திடலின் கடைசியிலிருந்து ஒரு பெண்குரல் பதில் பாடியது. அவன் அப்படியே நின்றுவிட்டான். கை காற்றில் நிற்கிறது, வாய் திறந்திருக்கிறது, அழுகிறானா சிரிக்கிறானா தெரியவில்லை. திரும்பக் கேள்வியைப் பாடினான், இந்தத் தடவை குரல் உடைந்தது, பதில் இரண்டு இடத்திலிருந்து வந்தது, மரத்தடியிலிருந்து துப்புரவு உடுப்பில் ஒரு ஆள் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் பாடுகிறார். அப்புறம் இன்னொரு குரல். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாதாம், ஒரே ஊரில் அத்தனை நாளும் இருந்திருக்கிறார்கள். ஏழெட்டுத் தடவை ஆனதும் பதில் வரி எல்லோருக்கும் படிந்துவிட்டது, எந்தெந்த தேசத்துப் பிள்ளைகளோ ஆயிரக்கணக்கில் ஒரே வாயாகப் பாடுகிறார்கள், நூலகத்துக்காரர் கீழ்க்குரலில் பாடுகிறார், என் பக்கத்தில் உன் அப்பா இஸ்திரிப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடுகிறார், நானும் பாடினேன். என்ன பாடினேன் என்று கேட்காதே. மனிதப் பிறவிக்கு இப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று இன்னும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. அவன் இறங்கி வந்ததும் பேரைக் கேட்டேன், மூன்று தடவை சொல்லவைத்துப் படித்துக்கொண்டேன், எழுதினால் தப்பாகிவிடும், நேரில் சொல்லிக் காட்டுகிறேன்.

இப்போது உன் கேள்வி. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உன் கடிதம் வந்த அன்றே வந்துவிடு என்று பதில் எழுதி, ஒட்டி, விலாசமும் எழுதி வைத்துவிட்டேன், உன் அறையில் அடுக்கியிருந்த துணிமூட்டைகளைக்கூட வெளியே எடுத்தாயிற்று. திடலிலிருந்து வந்து அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அங்கேயே இரு என்று சொல்வதற்காகக் கிழிக்கவில்லை. நீ கிளம்பிய அன்றைக்கு ரயில் நிலையத்தில் உன் காதில் நான் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது, யாரோடயும் ஒட்டாத, ஒருத்தரையும் நம்பாத, வேலையுண்டு ரூமுண்டுன்னு இரு என்று. பயத்தில் சொன்னேனடி. அந்தப் பேச்சை நீ அட்சரம் பிசகாமல் மூன்று வருஷம் கேட்டிருக்கிறாய். சொன்ன பேச்சைக் கேட்காத பெண் என்று உன்னை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே, இந்த ஒன்றை மட்டும் ஏன் கேட்டாய்? அந்த ஊரார் உன்னிடம் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய், அவர்களைப் பேசவிடாமல் வைத்தது நான். தப்பு என்னுடையது. அம்மா உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், இதை அப்பாவிடம் படித்துக் காட்டவில்லை.

வா என்றும் இரு என்றும் இனி நான் சொல்லப்போவதில்லை. நாங்கள் வருகிறோம். இருபத்திரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு அங்கே வந்து சேரும் வண்டி, டிக்கெட் எடுத்தாயிற்று, மாதக் கடைசிவரை உன்னோடு இருப்போம், அதற்குள் நீ முடிவு செய். நீயேதான் செய்யவேண்டும், ஆனால் தனியாக உட்கார்ந்து செய்யவேண்டாம், நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். அது நடக்காது என்கிறார் அப்பா. அதுவரை கையெழுத்துப் போடாதே, முடியாது என்றும் சொல்லிவிடாதே. கடையைப் பற்றிக் கவலைப்படாதே, கதவில் சீட்டு ஒட்டியாயிற்று. முட்டிவலிக்குத் தைலம் அங்கே கிடைக்குமா என்று மட்டும் விசாரித்து வை, படுக்கைக்கு ஒன்றும் வாங்காதே, தரை போதும். நீ நின்ற இடம் குளிரவேண்டும், கை வைத்த காரியம் துலங்கவேண்டும், எந்த ஊரில் இருந்தாலும் உன் குரல் நாலு பேர் காதில் விழவேண்டும், அப்பாவின் ஆசியும் இதிலேயே சேர்த்தி. ஒன்று மறந்துவிட்டேன். வேலையைக் கெடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வராதே, நாங்களே விசாரித்து வந்துகொள்கிறோம் என்று எழுதத்தான் இருந்தேன். வேண்டாம், நீ வந்துவிடு. அந்த ஊரில் உன்னைத் தவிர எனக்கு யாரையும் தெரியாது.

உன்
அம்மா